இரண்டு நிறுத்தம் தாண்டி

பிப்ரவரி 3

அன்பு வாலுக்கு,

அண்ணன் எழுதுகிறேன். போன் போட்டால் நீ உன் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையிலிருந்து "சரிண்ணா, சரிண்ணா" என்று அவசரமாகக் கேட்டுவிட்டு வைத்துவிடுகிறாய். நான் சொல்ல வந்ததில் பாதி தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. அதனால்தான் மெயிலில் ஒரு கடிதமாகவே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். ஆற அமரப் படித்துவிட்டுப் பதில் போடு.

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. உடம்பு சரியில்லாதது கம்ப்யூட்டருக்கு. போன வருஷம் உன்னைக் கேட்காமல் ஒரு ரெடிமேட் கம்ப்யூட்டர் வாங்கினேனே, கண்ணாடிப் பெட்டிக்குள் கலர் கலராக விளக்கு எரியுமே, போட்டோ பார்த்துவிட்டு "என்ன அண்ணா, சர்க்கஸ் கூடாரமா?" என்று கேட்டாயே, அதேதான். இப்போது விளையாட்டைத் திறந்த கொஞ்ச நேரத்திலேயே மிக்ஸியில் கல்லைப் போட்டு அரைப்பதுபோல் சத்தம் போடுகிறது. பெட்டியின் மேல் கை வைத்தால் சுடுகிறது. பக்கத்து வீட்டு டெய்லரம்மா கத்தரிக்கோலின் பிடியால் சுவரைத் தட்டுகிறார். நேற்று மாடிப்படியில் மடக்கி, "தம்பி, உங்க சத்தத்துல என் தையல் மெஷினே வெக்கப்படுது. அப்படி என்னதான் ஓட்டுறீங்க உள்ள?" என்று கேட்டார். பஸ் என்றேன். நான் கிண்டல் செய்வதாக நினைத்துக்கொண்டு போய்விட்டார்.

நாள் முழுக்க பஸ் ஓட்டிவிட்டு வீட்டுக்கு வந்தும் பஸ்ஸா என்று நீயும் சிரிப்பாய். காரணம் இருக்கிறது. எங்கள் டிப்போவுக்கு நடுவில் மடங்கும் நீள பஸ்கள் வருகின்றன. அதற்குச் சில டிரைவர்களைத்தான் எடுப்பார்கள். அடுத்த மாதம் டெஸ்ட். விளையாட்டில் அசல் அதே பஸ் இருக்கிறது. ஸ்டியரிங்கும் பெடலும் வாங்கிப் பொருத்தி, முடிந்தபோதெல்லாம் பழகுகிறேன். திருப்பத்தில் முன்பாதி ஒரு ஊருக்குப் போனால் பின்பாதி வேறு ஊருக்குப் போகப் பார்க்கிறது. அதைப் பிடிக்கத் தெரிந்துவிட்டால் டெஸ்டில் நான்தான் முதல் ஆள்.

ஆனால் நடுநடுவே படம் வெட்டுகிறது. ஒரு நொடி ரோடு இருக்கும், அடுத்த நொடி பார்த்தால் வண்டி எங்கோ போயிருக்கும். நேற்று நடைபாதையில் ஏறி விளக்குக் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றது. பழகவும் முடியவில்லை, நிம்மதியாகத் தூங்கவும் முடியவில்லை. உனக்குத் தெரியாததா? என்ன செய்யலாம், சொல்.

உன் பதிலுக்காகக் காத்திருக்கும்
அண்ணன்


பிப்ரவரி 5

சர்க்கஸ் முதலாளி அண்ணாவுக்கு,

கடிதம் பார்த்தேன். மதியம் சாப்பாட்டு இடைவேளையில், சால்டரிங் புகைக்கு நடுவே உட்கார்ந்து முழுசாகப் படித்தேன். போனில் "சரிண்ணா" சொன்னதற்கு இப்படியா குத்திக்காட்டுவது? சரிண்ணா.

உன் போட்டோவை மறுபடி எடுத்துப் பார்த்தேன். பெட்டியின் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. காற்று எந்த வழியாக உள்ளே போகும்? பின்னால் ஒரே ஒரு ஃபேன். அது பாவம், இல்லாத காற்றை இழுத்து வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. படம் போடும் வேலையைச் செய்கிற கிராபிக்ஸ் கார்டுதான் உள்ளே அதிகம் சுடுகிற பொருள். அதற்கு மூச்சு முட்டுகிறது. சூடு எல்லை மீறினால், தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அது வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். படம் திணறும். நீ வெட்டு என்று சொல்வது அதுவாகத்தான் இருக்கும்.

முதலில் தூசி தட்டு. அணைத்துவிட்டு, சுவரிலிருந்து ஒயரைப் பிடுங்கிவிட்டுத்தான் பக்கவாட்டுக் கண்ணாடியைக் கழற்ற வேண்டும். காற்றடிக்கும் டப்பா வாங்கிக்கொள். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள், சுற்ற விடாதே. வீடு பெருக்கும் மெஷினை உள்ளே விட்டாய் என்று தெரிந்தால் உன்னோடு பேச மாட்டேன். அப்புறம், சூட்டைத் திரையின் மூலையில் காட்டும் ஒரு புரோகிராம் அனுப்பியிருக்கிறேன். அதைப் போட்டுவிட்டு எண்ணை எழுது.

ஒழுங்காகத் தூங்கு. டெஸ்ட் ஒன்றும் ஓடிப்போகாது.

உன்
வாலு


பிப்ரவரி 12

அன்பு வாலுக்கு,

நீ சொன்னபடியே செய்தேன். உள்ளேயிருந்து வந்த தூசியில் ஒரு தலையணைக்குப் பஞ்சு தேறும். தும்மித் தும்மி மூக்கு சிவந்ததுதான் மிச்சம். கார்டின் சூடு தொண்ணூற்று நான்கிலிருந்து எண்பத்தெட்டுக்கு இறங்கியிருக்கிறது. கார்டில் இரண்டு ஃபேன். ஒன்று சமர்த்தாகச் சுற்றுகிறது. இன்னொன்று பல் ஆடுகிற கிழவனைப்போல் கடகடவென்று ஆடுகிறது. டெய்லரம்மாவின் கத்தரிக்கோலுக்கு இன்னும் ஓய்வில்லை.

வெட்டும் நிற்கவில்லை. தினமும் வருவதில்லை. நன்றாகப் போகிறதே என்று நினைக்கும் நேரமாகப் பார்த்து வருகிறது. பெரிய எரிச்சல்.

வேலையிலும் நிம்மதி இல்லை. செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் நான் நிறுத்தாமல் போய்விட்டேன் என்று பஸ்ஸுக்குள் ஒரே கூச்சல். ஒரு அம்மா கைக்குழந்தையோடு முன்னால் வந்து, "எத்தன தடவ பெல் அடிக்கிறது? காதுல என்ன வெச்சிருக்கீங்க?" என்று கத்தினார். பெல் அடிக்கவே இல்லை என்று நான் சொன்னால், பஸ்ஸே அந்த அம்மா பக்கம் சேர்ந்துகொண்டது. பெல் ரிப்பேர் என்று டிப்போவில் எழுதிக் கொடுத்தேன். மெக்கானிக் பார்த்துவிட்டு நன்றாகத்தான் இருக்கிறது என்கிறான். யாரிடம் போய்ச் சொல்ல?

வீட்டுக்கு வந்து டீ போடலாம் என்று பாலை வைத்தேன். அதுவும் பொங்கிக் கருகிவிட்டது. நான் அடுப்பு முன்னால்தான் நின்றுகொண்டிருந்தேன். என்ன யோசனையில் இருந்தேனோ. டெஸ்ட் நெருங்க நெருங்க மண்டைக்குள் பஸ்தான் ஓடுகிறது.

அடுத்து என்ன செய்ய, சொல்லு.

அண்ணன்


பிப்ரவரி 15

அண்ணா,

அடுப்பு முன்னால் நின்றுகொண்டே பாலைக் கருகவிட்ட ஆளை நீள பஸ்ஸுக்கு எடுப்பார்களா என்ன? கொஞ்சம் ஓய்வு எடு. உன் கடிதத்தை மூடியதிலிருந்து எனக்கு என்னவோ போல இருக்கிறது.

பார்சல் ஒன்று வரும். கார்டுக்குப் புது ஃபேன் ஜோடி, சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட், பெட்டியின் முன்பக்கத்துக்கு இரண்டு ஃபேன், கண்ணாடிக்குப் பதில் ஒரு கம்பி வலை, ஒரு ராம் மெமரி, ஒரு பவர் சப்ளை. உன் ரெடிமேட் பெட்டிக்குள் பேர் ஊர் தெரியாத ஒரு பவர் சப்ளையைச் செருகி விற்றிருக்கிறார்கள். பழையதை அப்படியே கழற்றி ஓரமாக வை. ஆனால் அதை மட்டும் உடைத்துப் பார்க்காதே. ஒயரைப் பிடுங்கின பிறகும் அதற்குள் ஷாக் அடிக்கும். உன் கை எனக்கு வேண்டும்.

கார்டைக் கழற்றும்போது அவசரப்படாதே. அதைப் பிடித்திருக்கும் கொக்கியை முதலில் அழுத்து. ஸ்க்ரூக்களை எந்த இடத்திலிருந்து எடுத்தாயோ அதே வரிசையில் ஒரு தாளில் வை. உள்ளே பழைய பேஸ்ட் காய்ந்த சுண்ணாம்பு மாதிரி இருக்கும். துடைத்துவிட்டு, புதுசை ஒரு பட்டாணி அளவு வை. சில சில்லுகள்மேல் ரப்பர் பட்டை போல ஒட்டியிருக்கும், அதைக் கிழித்துவிடாதே. முன்பக்கக் கண்ணாடியைக் கழற்றி வீசிவிட்டு வலையைப் போடு. அழகு குறையும், ஆயுசு கூடும்.

எல்லாம் முடிந்ததும் ஒரு போட்டோ அனுப்பு. அனுப்பும்வரை எனக்கு இங்கே வேலை ஓடாது.

வாலு


மார்ச் 1

அன்புள்ள என்ஜினியர் அம்மாவுக்கு,

முடித்துவிட்டேன்! ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போனது. ஒரு ஸ்க்ரூ கட்டிலுக்கு அடியில் போய், நான் கட்டிலுக்கு அடியில் போய், தலையில் இடித்துக்கொண்டு வெளியே வந்தேன். ஸ்விட்சைப் போடும் முன் சாமியைக் கும்பிட்டுக்கொண்டேன். முதல் தடவை பஸ் ஓட்டின அன்றுகூட இப்படிக் கும்பிடவில்லை.

சத்தமே இல்லை! ஓடுகிறதா என்று குனிந்து பார்க்க வேண்டியிருக்கிறது. விளையாட்டு முழு வேகத்தில் ஓடும்போதும் சூடு அறுபத்தாறைத் தாண்டவில்லை. இரண்டு நாள் கழித்து டெய்லரம்மா கதவைத் தட்டி, "என்ன தம்பி, ரெண்டு நாளா சத்தத்தையே காணோம். ஊருக்குப் போயிட்டீங்கன்னு நெனச்சேன்" என்றார். என் தங்கை கை வைத்தால் அப்படித்தான் என்று பெருமை அடித்துக்கொண்டேன். உள்ளே வந்து பெட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அட, குளுகுளுன்னு இருக்கே" என்று ஆச்சரியப்பட்டார்.

இதோடு கடிதத்தை முடிக்கத்தான் நினைத்தேன். ஆனால் நேற்று மறுபடியும் வெட்டு.

இந்தத் தடவை பெரிய வெட்டு. நேர் ரோடு. மார்க்கெட் நிறுத்தத்தை விட்டுக் கிளம்பினேன், அது நினைவிருக்கிறது. அடுத்து பார்த்தால் வண்டி இரண்டு நிறுத்தம் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. கதவு திறக்கவில்லை, யாரும் இறங்கவில்லை, விளையாட்டில் இருக்கும் பயணிகள் எல்லாம் கோபமாகச் சிவப்பாகியிருந்தார்கள். திரை நன்றாகத்தான் இருந்தது. சூடும் அறுபத்தாறுதான். அப்படியானால் என்ன கோளாறு? நீ அனுப்பிய புது பவர் சப்ளையில் ஏதாவது குறையா? இல்லை நான் எதையாவது சரியாகச் செருகவில்லையா? இரண்டு தடவை கழற்றி மாட்டிவிட்டேன்.

டெஸ்டுக்கு இன்னும் மூன்று வாரம்கூட இல்லை. சீக்கிரம் எழுது.

அண்ணன்


மார்ச் 2

அண்ணா,

காலையிலிருந்து போன் போட்டுக்கொண்டே இருக்கிறேன். ஷிஃப்டில் இருப்பாய் என்று தெரியும். அந்த நினைப்புதான் இன்னும் பயமாக இருக்கிறது.

உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் நானும் பவர் சப்ளையைத்தான் சந்தேகப்பட்டேன். பாதிப் பதில்கூட எழுதிவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது. வண்டி இரண்டு நிறுத்தம் தாண்டி ஓடியிருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். கம்ப்யூட்டர் நின்றிருந்தால் அந்த பஸ் எப்படி அண்ணா ஓடியிருக்கும்? படம் உறைந்தால் பஸ்ஸும் உறைந்து நிற்கும். மெஷின் அணைந்தால் ஆட்டம் போய்விடும், முதலிலிருந்து தொடங்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லை. உன் கால் பெடலில்தான் இருந்திருக்கிறது, கை ஸ்டியரிங்கில்தான் இருந்திருக்கிறது. ஆட்டம் ஓடிக்கொண்டேதான் இருந்திருக்கிறது. நீதான் அந்த நேரத்தில் அங்கே இல்லை.

அண்ணா, ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் பெல் அடித்திருப்பார்கள். பால் உன் கண் முன்னால்தான் பொங்கியிருக்கும். நீ எழுதியதை எல்லாம் சேர்த்து இன்று மூன்று தடவை படித்தேன். சூடு, தூசி என்று நான் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்டு என்றால் என்ன என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும்.

இது என்ன என்று எனக்குத் தெரியாது. சாதாரணமானதாகவே இருக்கலாம். மருந்து மாத்திரையில் போய்விடலாம். ஆனால் டாக்டர் பார்க்கும்வரை வண்டி எடுக்காதே. நாளைக்கு லீவு சொல்லு. கெஞ்சிக் கேட்கிறேன். போனை எடு.

வாலு


மார்ச் 3

தங்கைக்கு,

மெஷினைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் மனுஷனையும் பிரித்துப் பார்க்கத் தெரியும் என்று நினைத்துவிட்டாயா? ஃபேன் ஏன் ஓடவில்லை என்று கேட்டால், உனக்கு மூளை ஓடவில்லை என்கிறாய்.

இருபது வருஷத்துக்கு மேல் ஓட்டுகிறேன். என் வண்டியில் ஒரு கீறல் கிடையாது. டிப்போவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பார். வேலை அலுப்பில் ஒரு நிமிஷம் கண் சொருகுவது யாருக்கும் நடப்பதுதான். அதுவும் விளையாட்டில்.

இந்தப் பேச்சு வெளியே போனால் டெஸ்ட் மட்டுமல்ல, லைசென்ஸே போய்விடும். எனக்கு வேறென்ன தெரியும்? யாரிடமும் வாயைத் திறக்காதே. நாளை காலை ஷிஃப்ட். போகத்தான் போகிறேன். போன் போட வேண்டாம், எடுக்க மாட்டேன்.

அண்ணன்


மார்ச் 3, மாலை

அண்ணா,

நீ எடுக்கவில்லை. டெய்லரம்மா நம்பர் என்னிடம் இல்லை. இங்கிருந்து கிளம்பினாலும் உன் காலை ஷிஃப்டுக்கு முன்னால் வந்து சேர முடியாது. எல்லா வழியும் பார்த்துவிட்டேன்.

உன் டிப்போ மேனேஜருக்கு இப்போதுதான் எழுதி அனுப்பினேன். அதன் நகலை இந்த மெயிலோடு தனியாக இணைத்திருக்கிறேன். உன் முதுகுக்குப் பின்னால் செய்ததாக இருக்கக்கூடாது.

நீ கண் சொருகியதாகச் சொல்கிறாய். தூங்குகிறவன் கால் பெடலை விட்டு நழுவாதா? இரண்டு நிறுத்தம்வரை ஸ்டியரிங்கை நேராகப் பிடித்திருப்பானா? கைக்குழந்தையோடு முன்னால் வந்து கத்தினாரே, அந்த அம்மாதான் எனக்குக் கண்ணை மூடினால் தெரிகிறார். உன் பின்னால் நின்றுகொண்டு, நீ ரோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறாய் என்று நம்பிக்கொண்டு.

உனக்கு என்மேல் எவ்வளவு கோபம் வரும் என்று தெரிந்துதான் செய்தேன்.

வாலு


ஏப்ரல் 10

அண்ணாவுக்கு,

ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. போனும் இல்லை, எழுத்தும் இல்லை. டிப்போவுக்குப் போன் போட்டால், "அதெல்லாம் வெளியில சொல்ல முடியாதும்மா" என்று வைத்துவிட்டார்கள். உன் வீட்டு ஓனர் மூலமாக டெய்லரம்மா நம்பரைப் பிடித்து விசாரித்தேன். "உயிரோட நல்லாத்தான் இருக்காரு. காலையில போறாரு, சாயங்காலம் வர்றாரு. யூனிஃபார்ம் மட்டும் போடல" என்றார். மேற்கொண்டு கேட்டதற்கு, "அவரே சொல்லட்டும்மா" என்றுவிட்டார்.

யூனிஃபார்ம் போடவில்லை என்று கேட்டதும் எனக்கு நிம்மதியாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது.

கடையில் யாராவது சத்தம் போடும் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்தால், எப்போது நிற்கிறது, எப்படி நிற்கிறது என்று குடைந்து எடுத்துவிடுகிறேன். "உங்கக்கிட்ட ரிப்பேருக்கு வந்தா போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்த மாதிரி இருக்கு" என்று ஒருத்தர் சொல்லிவிட்டுப் போனார்.

திட்டியாவது எழுது.

வாலு


மே 6

வாலுக்கு,

எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். ஒரு காரியம் ஆக வேண்டியிருப்பதால் எழுதுகிறேன். அதற்கு முன் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

உனக்கு அந்தக் கோபக் கடிதத்தை அனுப்பிவிட்டு, நீ சொன்னது பொய் என்று நிரூபிக்கத்தான் டெய்லரம்மாவைக் கூப்பிட்டேன். "நான் இந்த விளையாட்டை ஓட்டுறேன். நீங்க சும்மா உட்கார்ந்து என்னைப் பாருங்கம்மா" என்றேன். அவர் ஒரு சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தார். ரொம்ப நேரம் நன்றாகத்தான் ஓட்டினேன். எழுந்துவிடலாம் என்று நினைத்தேன். பிறகு பார்த்தால் அந்த அம்மா எனக்கும் திரைக்கும் நடுவில் நிற்கிறார், முகம் வெளுத்திருக்கிறது.

"மொதல்ல விளையாட்டுக்குப் பண்றீங்கன்னு நெனச்சேன் தம்பி. கண்ணு தெறந்துதான் இருக்கு. வாய் மட்டும் எதையோ மெல்லுற மாதிரி அசையுது. கூப்பிட்டேன். தோளைத் தொட்டேன். முன்னெல்லாம் சுவத்தைத் தட்டியும் நீங்க கண்டுக்கலன்னா, அந்தச் சத்தத்துல கேக்கலன்னு நெனச்சுக்குவேன். இப்பதான் சத்தமே இல்லையே."

அவர் போன பிறகு அப்படியே உட்கார்ந்திருந்தேன். மெயிலைத் திறக்கவில்லை. விடிந்ததும் ஷிஃப்டுக்கு முன்னாலேயே டிப்போவுக்குப் போய், பஸ் சாவியை வாங்காமல் நேராக மேனேஜர் அறைக்குப் போனேன். என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்திருந்தேன். நான் வாயைத் திறக்கும் முன்னால் அவர் தன் கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பினார். உன் கடிதம்.

"நானே சொல்லத்தான் சார் வந்தேன்" என்றேன். "எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க" என்றார்.

அவ்வளவுதான் வாலு. டிரைவராக நான் கடைசியாகச் செய்ய இருந்தது அது ஒன்றுதான், என் வாயால் சொல்வது. அதையும் நீ முந்திக்கொண்டாய். நீ செய்தது தப்பு என்று சொல்ல மாட்டேன். நான் அன்று காலை மேனேஜரிடம் போவேன் என்று உனக்கு எப்படித் தெரியும்? ஷிஃப்டுக்குப் போகத்தான் போகிறேன் என்றுதானே எழுதியிருந்தேன். இதையெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். கோபம் மட்டும் இன்னும் போகவில்லை.

வலிப்பில் இது ஒரு வகையாம். ஆள் கீழே விழாமலே வருமாம். ஸ்கேனில் கட்டி கிட்டி எதுவும் இல்லை. மாத்திரை சாப்பிடுகிறேன். சாப்பிட ஆரம்பித்த பிறகு, தெரிந்தவரை ஒரே ஒரு தடவைதான் வந்தது. டெய்லரம்மா பார்த்துச் சொன்னார். இனி பஸ் கிடையாது. பல வருஷம் வராமலே இருந்தால் பார்க்கலாம் என்கிறார்கள், அதற்குள் எனக்கு ரிடையர்மென்ட் வந்துவிடும். இப்போது டிப்போவில், பயணிகள் விட்டுப்போகும் சாமான்களைப் பார்த்துக்கொள்ளும் அறையில் போட்டிருக்கிறார்கள். ஒரே குடையும் சாப்பாட்டு டப்பாவுமாக இருக்கிறது. ஒருத்தர் தன் பல் செட்டை விட்டுவிட்டு இன்னும் தேடி வரவில்லை. எப்படித்தான் சாப்பிடுகிறாரோ.

நீள பஸ்கள் வந்துவிட்டன. ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன். திருப்பத்தில் பின்பாதியை ஒருத்தனும் ஒழுங்காகக் கொண்டுவரவில்லை.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். சின்ன வயதில் இப்படி ஏதாவது வந்ததுண்டா, காய்ச்சலில் இழுத்ததுண்டா, எங்காவது விழுந்து அடிபட்டதுண்டா என்று டாக்டர் கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? வந்தபோதெல்லாம் நான்தான் இல்லையே. "கூட வளந்தவங்க யாராவது இருந்தா அடுத்த தடவை கூட்டிட்டு வாங்க" என்றார். அப்பா அம்மா போன பிறகு அப்படி யார் இருக்கிறார்கள், உன்னைத் தவிர?

வருகிற வெள்ளிக்கிழமை காலையில் டாக்டரைப் பார்க்க வேண்டும். வியாழக்கிழமையே வந்துவிடு. வந்ததும் என்னோடு நன்றாகப் பேசுவாயா மாட்டாயா, நான் உன்னோடு பேசுவேனா மாட்டேனா, அதெல்லாம் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஸ்டேஷனுக்கு நான் வந்து நிற்கிறேன். முன்புபோல் என் நேரப்படி வர முடியாது. டிக்கெட் எடுத்து, எவனோ ஓட்டுகிற பஸ்ஸில்தான் வர வேண்டும். கொஞ்சம் தாமதமானால் பயந்துவிடாதே.

அண்ணன்